அழைப்புக்கும் வருகைக்கும் நடுவே

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையில் இயங்கும் ஒரு சமூக மருத்துவ மையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் ஓர் எளிய பரிசோதனை, கிராமத்துப் பெண்களின் உயிரைக் காக்குமா என்பதே கேள்வி. மாவட்டத்தின் ஒரு பகுதியை 114 தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதித் தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். மீதித் தொகுதிகளில் வழக்கமான மருத்துவக் கவனிப்பு மட்டும் தொடர்ந்தது.

முடிவு 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. அழைக்கப்பட்ட தொகுதிகளில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பயிற்சி பெற்ற செவிலியர் செய்த சில நிமிடப் பரிசோதனையின் பலன் இது. பொது சுகாதார வரலாற்றில் திண்டுக்கல்லுக்கு ஓர் இடம் கிடைத்தது இப்படித்தான்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். வராதவர்கள் 17,968 பேர். பரிசோதனைக்குக் காசு இல்லை. நகரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை, ஊருக்கே வந்தார்கள். செய்தவர்களும் பெண் செவிலியர்கள். இருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் வரவில்லை. 35 சதவீதம் என்ற அந்தப் பலனை, வராதவர்களையும் சேர்த்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களும் வந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

இந்தக் கேள்விக்கு ‘விழிப்புணர்வு இல்லை’ என்று பதில் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பார்க்க, முதலில் நோயின் போக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வலி தெரியாத ஆண்டுகள்

கருப்பையின் கீழ்முனை, பிறப்புறுப்புப் பாதையை நோக்கித் திறக்கும் இடம்தான் கருப்பை வாய். அங்கே இரண்டு வகைத் திசுக்கள் சந்திக்கின்றன. வெளிப்பக்கம் தட்டையான செல்கள் பல அடுக்காக இருக்கும். உட்பக்கம் உயரமான செல்கள் ஒரே வரிசையில் நிற்கும். பருவமடைந்ததிலிருந்து இந்த எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு வகைச் செல் இருந்த இடத்தில் மற்றொரு வகை உருவாகிறது. மாறிக்கொண்டே இருக்கும் இந்தச் சிறிய வட்டத்தில்தான் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி, காலூன்றுகிறது.

இந்த வைரசுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிறுவியவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசன். அவருடைய குழு 1983இல் எச்பிவி 16 வகையையும் அடுத்த ஆண்டு 18 வகையையும் புற்றுத் திசுக்களில் கண்டது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உலகில் ஏற்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். வைரஸ் உருவாக்கும் இரண்டு புரதங்கள், செல் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் நம்முடைய இரண்டு புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. அதன்பின் அந்தச் செல்லைத் தடுத்து நிறுத்த ஆளில்லை.

ஆனால் இது மெதுவாக நடக்கிறது. தொற்று ஏற்படும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே ஓரிரு ஆண்டுகளில் வைரசை அகற்றிவிடுகிறது. சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய தொற்று செல் மாற்றமாகி, அந்த மாற்றம் முற்றி, புற்றுநோயாவதற்குப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகும். இவ்வளவு நீண்ட முன்னறிவிப்புக் காலம் தரும் புற்றுநோய்கள் குறைவு. அந்தக் காலத்துக்குள் மாறிய திசுவைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால் புற்றுநோய் வருவதே இல்லை. மார்பகப் பரிசோதனை புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. கருப்பை வாய்ப் பரிசோதனை புற்றுநோயை வரவிடாமலே தடுக்கிறது. இந்த வேறுபாடு நம் பிரசாரங்களில் தெளிவாகச் சொல்லப்படுவதே இல்லை.

பரிசோதனை மூன்று வழிகளில் வளர்ந்தது. கிரேக்கத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகொலாவ், கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்துப் புற்றின் அடையாளத்தைக் கண்டார். அவர் பெயரால் அமைந்ததுதான் பாப் ஸ்மியர். பல ஆண்டுகள் தன் உடலிலிருந்தே மாதிரிகளைக் கொடுத்து அந்த ஆராய்ச்சியைத் தாங்கியவர் அவருடைய மனைவி ஆண்ட்ரோமகி. இரண்டாவது வழி, திண்டுக்கல்லில் பயன்பட்டது. வினிகரில் இருக்கும் அதே அசெட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதக் கரைசலாகக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறிய திசு வெள்ளைத் திட்டாகத் தெரியும். நுண்ணோக்கி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். மூன்றாவது, வைரசின் மரபணுவையே தேடும் எச்பிவி பரிசோதனை. மூன்றிலும் துல்லியமானது இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் இதையே முதன்மைப் பரிசோதனையாகப் பரிந்துரைக்கிறது.

முன்னறிவிப்புக் காலம் நீளமானது என்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அந்த ஆண்டுகள் முழுவதும் வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. உடலுறவுக்குப் பின் ரத்தம் படுவது, மாதவிலக்கு நின்று பல மாதங்கள் கழித்து மறுபடி ரத்தம் வருவது, நாற்றத்துடன் வெள்ளைப்படுவது என்று அறிகுறிகள் தெரியத் தொடங்கும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். ‘எனக்கு ஒண்ணும் இல்லையே’ என்று ஒரு பெண் உண்மையாகச் சொல்லக்கூடிய காலம்தான் அவரைக் காப்பாற்றக்கூடிய காலம்.

தெரிந்தும் வராதது ஏன்?

2022இல் இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் நடந்தது. எப்போதாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம் மட்டுமே என்று அது சொல்கிறது. தமிழ்நாட்டில் இது 9.8 சதவீதம். மற்றப் பெரிய மாநிலங்களைவிட இது அதிகம். ஆனால் பத்தில் ஒன்பது பேர் பரிசோதிக்கப்படாத நிலையை வெற்றி என்று சொல்ல முடியாது.

பெண்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டு இந்தியாவின் பல ஊர்களில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் ஒரே படம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ‘கர்ப்பப்பை கேன்சர்’ என்று ஒன்று இருப்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அது வருமுன் கண்டுபிடிக்கப் பரிசோதனை உண்டு என்பதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. காரணம் ஒரு வைரஸ் என்று அறிந்தவர்கள் அதைவிடக் குறைவு. பரிசோதனை நல்லது என்று ஒப்புக்கொள்பவர்கள் நிறைய. செய்துகொண்டவர்கள் மிகச் சிலர்.

கடைசி இரண்டு வரிகளுக்கும் இடையில்தான் விஷயம் இருக்கிறது. அறிவு மட்டுமே குறை என்றால், செவிலியர்கள் எல்லோரும் பரிசோதனை செய்திருக்க வேண்டும். ஆனால் மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியர்களிடையே நடந்த ஆய்வுகளிலும், நோயைப் பற்றி நன்றாகத் தெரிந்த பலர் தாங்கள் ஒரு முறைகூடச் செய்துகொள்ளவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். கொல்கத்தாவில், அழைத்தும் வராத பெண்களை வீடு தேடிப் போய்க் காரணம் கேட்ட ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. நோவு இல்லாதபோது எதற்கு, அந்தப் பரிசோதனையை நினைத்தாலே பயம், வீட்டு வேலையை விட்டுவர முடியவில்லை, குடும்பத்தில் வேறு பிரச்சினை, கணவர் சம்மதிக்கவில்லை. இவைதான் அவர்கள் சொன்ன காரணங்கள். இவற்றில் எதையும் ஒரு துண்டுப் பிரசுரத்தால் தீர்க்க முடியாது.

யார் வந்தார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இன்று தாராசிவ்) 1,31,746 பெண்களை வைத்து நடந்த ஆய்வு, ஒரே ஒரு சுற்று எச்பிவி பரிசோதனை இந்தப் புற்றுநோயின் இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் என்று 2009இல் காட்டியது. அங்கே வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டபோது, வந்தவர்கள் 30களில் இருந்த இளையவர்கள், அதிகம் படித்தவர்கள், ஏதாவது ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்தியவர்கள் என்று தெரிந்தது. அதாவது, சுகாதார அமைப்போடு ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்கள். பிள்ளைப்பேற்றுக் காலம் முடிந்த பெண்ணை நம் அமைப்பு ஏறக்குறைய மறந்துவிடுகிறது. கர்ப்பமாக இருந்தபோது மாதாமாதம் தேடி வந்த நர்ஸம்மா, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரக் காரணம் இருப்பதில்லை. நோய் வலுக்கும் வயதோ அதற்குப் பிறகுதான்.

மறைப்பு இல்லாத அறை

பரிசோதனைக்குக் கூப்பிடும்போது பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது:

“அக்கா, பி.பி., சுகர் பார்த்தாச்சு. அப்படியே கர்ப்பப்பை வாய் டெஸ்டும் பண்ணிக்கிட்டுப் போயிடுங்க.”

“எனக்கெதுக்கும்மா? ரெண்டு புள்ள பெத்து, ஆபரேஷனும் பண்ணியாச்சு. இனிமே அதுல என்ன இருக்கு?”

“ரெண்டு நிமிஷந்தான் அக்கா.”

“இன்னிக்கு வேணாம்மா. இன்னொரு நாளைக்கு வர்றேன்.”

அந்த இன்னொரு நாள் வருவதில்லை. இதை அறியாமை என்று குறித்துக்கொண்டால் முக்கியமான ஒன்றைத் தவறவிடுவோம். இதே பெண் ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டியிருக்கிறார். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க விட்டிருக்கிறார். நோவு இல்லாத உடம்பையும் சோதிக்கலாம் என்பதை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். அவர் தயங்குவது சேலையை விலக்கிக் காலை அகட்டிப் படுக்க வேண்டிய இந்தச் சோதனைக்கு மட்டும்தான்.

அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. நம் ஊர்களில் பல பெண்களுக்கு உள்பரிசோதனை என்றால் நினைவுக்கு வருவது பிரசவ அறை. வலியில் கத்தியதற்கு வாங்கிய ஏச்சு, மறைப்பு இல்லாத படுக்கை, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துபோன ஆட்கள். அப்படி ஓர் அனுபவம் உள்ளவரிடம் ‘ரெண்டு நிமிஷந்தான்’ என்றால் அவருக்கு ஆறுதல் வருமா? கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, யார் செய்வார்கள், கூட ஆள் இருக்கலாமா, வலித்தால் நிறுத்தச் சொல்லலாமா என்பதே அவருடைய கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லும் நிலையம், நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

இரண்டாவது தயக்கம் வைரசைப் பற்றியது. எச்பிவி உடலுறவு வழியாகப் பரவுகிறது. இதை அரைகுறையாகச் சொன்னால் சந்தேகம் வீட்டுக்குள் நுழைந்துவிடும்: யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது? முழு உண்மையைச் சொன்னால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. உடலுறவு வாழ்க்கை உள்ள ஆண்கள், பெண்கள் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தத் தொற்று வருகிறது; பெரும்பாலும் வந்ததே தெரியாமல் போய்விடுகிறது. கணவரைத் தவிர வேறு துணை இல்லாத பெண்ணுக்கும் வரும். பல ஆண்டுகள் உடலில் ஒளிந்திருந்து பிறகு தெரியவரலாம் என்பதால், இப்போது கண்டுபிடிக்கப்பட்டது இப்போது வந்தது என்று ஆகாது. தொற்று இருப்பது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்று இல்லை. இதைப் பெண்ணிடம் மட்டும் சொன்னால் போதாது, அவருடைய கணவரிடமும் மாமியாரிடமும் சொல்ல வேண்டும்.

‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

மூன்றாவது தயக்கம் முடிவைப் பற்றியது. கேன்சர் என்ற சொல் நம் வீடுகளில் மரண அறிவிப்பாகவே கேட்கப்படுகிறது. கல்யாண வயதில் மகள் இருக்கும் வீட்டில் அந்தச் சொல் நுழைவதையே பலர் அஞ்சுகிறார்கள். ஆகவே, ‘தெரியாமல் இருப்பதே மேல்’ என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அதில் அவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. தெரிந்த பிறகு என்ன செய்வார்கள் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லையே.

சொல்ல வேண்டியது இதுதான். வெள்ளைத் திட்டு தெரிவது புற்றுநோய் என்று ஆகாது. திண்டுக்கல்லில் பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு முடிவு ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. அவர்களில் மிகச் சிலருக்கே புற்றுநோய் இருந்தது. மற்றவர்களில் சிலருக்கு முன்நிலை மாற்றம், பலருக்குச் சாதாரண அழற்சியோ தீங்கற்ற மாற்றமோதான். முன்நிலை மாற்றத்தைக் குளிரால் உறையவைத்தோ வெப்பத்தால் சுட்டோ அகற்றிவிடலாம். மயக்க மருந்து தேவையில்லை. அன்றே வீட்டுக்குப் போகலாம். கருப்பையை எடுக்க வேண்டியதில்லை.

திண்டுக்கல் ஆய்வின் உண்மையான நுட்பம் இங்கேதான் இருந்தது. அங்கே அதே செவிலியர்களே உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயை மறுபடி பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு அதே வருகையில் சிகிச்சையும் கொடுத்தார்கள். ‘அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பும் திட்டங்களில், அந்தச் சீட்டோடு காணாமல்போகும் பெண்கள் ஏராளம். ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பஸ் மாறி, தெரியாத கட்டடத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அவரைப் பார்த்து அக்கறை இல்லாதவர் என்று நாம் சொல்ல முடியாது.

வினிகர் பரிசோதனையின் குறைகளையும் பெண்களிடம் மறைக்கக் கூடாது. பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்து முடிவு மாறும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அந்த எல்லைக்கோடு உள்ளே போய்விடுவதால் திட்டு தெரியாமல் போகலாம். ஆய்வுகளின் நெறி பற்றியும் கேள்விகள் எழுந்தன. திண்டுக்கல், உஸ்மானாபாத், இதே போன்ற ஆய்வு நடந்த மும்பை ஆகிய மூன்று இடங்களிலும் ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்குப் பரிசோதனை அளிக்கப்படவில்லை. பயன் தரும் என்று உலகம் அறிந்த ஒன்றை அவர்களுக்குக் கொடுக்காதது சரியா, அவர்களுக்கு எல்லாம் சொல்லப்பட்டதா என்று அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா கேட்டார். அன்றைய இந்தியாவில் பரிசோதனையே இல்லாததுதான் வழக்கமான கவனிப்பாக இருந்தது என்று ஆய்வாளர்கள் பதிலளித்தார்கள். எந்தப் பக்கம் நின்றாலும், ஒரு பெண்ணின் சம்மதம் அவருக்குப் புரிந்த சம்மதமாக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

கேட்கும் விதத்தை மாற்றினால்

பெண்களின் மனத்தை மாற்றுவதைவிடப் பரிசோதனையை மாற்றுவது எளிது என்று அர்ஜென்டினாவின் ஹுஹுய் மாகாணத்தில் ஓர் ஆய்வு காட்டியது. வழக்கமாக வீடுகளுக்கு வந்துபோகும் சுகாதாரப் பணியாளர்கள், சில பெண்களைப் பரிசோதனை நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். மற்றவர்களிடம் ஒரு சிறிய தூரிகையைக் கொடுத்து, ‘நீங்களே உள்ளே போய் மாதிரி எடுத்துக் கொடுங்கள்’ என்றார்கள். நிலையத்துக்கு வரச் சொன்னவர்களில் 20 சதவீதத்தினரே பரிசோதனை செய்துகொண்டார்கள். தூரிகை கொடுக்கப்பட்டவர்களில் 86 சதவீதத்தினர் செய்துகொண்டார்கள். பெண்கள் அதே சமூகத்தினர், நோய் அதே நோய், அவர்களுக்கு இருந்த அறிவும் ஒன்றுதான். மாறியது ஒன்றே: தன் உடலைத் தானே தொட்டு, தன் வீட்டுக்குள்ளேயே செய்ய முடிந்தது.

எச்பிவி பரிசோதனைக்கு மட்டுமே இது சாத்தியம். செல்லின் வடிவத்தைப் பார்க்கக் கருப்பை வாயிலிருந்தே மாதிரி வேண்டும். வைரசைத் தேடப் பிறப்புறுப்புப் பாதையில் எடுத்த மாதிரியே போதும். மலேசியாவில் 2018இல் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டத்தில் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். முடிவு அவர்களுடைய கைப்பேசிக்கே வருகிறது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் பரிசோதனைக்கு வரும் எந்தப் பெண்ணும் இந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

தமிழ்நாட்டிலும் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கிய வினிகர் பரிசோதனை, பிறகு மாநிலம் முழுவதும் விரிந்தது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் சமூக அளவிலான புற்றுநோய்ப் பரிசோதனை தொடங்கியது. வாசலுக்கு வருபவர் யாரென்று ஊருக்குத் தெரியும். அவரை நம்பிக் கதவைத் திறக்கிறார்கள். அதே கையில் மாதிரி எடுக்கும் தூரிகையும் இருக்கட்டும்.

2030க்குள் 70 சதவீதப் பெண்களை 35 வயதுக்குள் ஒரு முறையும், 45 வயதுக்குள் மறுமுறையும் பரிசோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. 9.8 என்ற எண்ணிலிருந்து 70 வெகுதூரம். பெண்களைக் குறைசொல்லி அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது. பூட்டக்கூடிய அறை, மரியாதையான பேச்சு, முழுத் தகவல், அன்றே சிகிச்சை, தானே மாதிரி எடுக்கும் வாய்ப்பு ஆகியவற்றை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் தர வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு, முற்றிய நோய்க்கு ஒரு குடும்பம் கடன் வாங்கிச் செய்யும் செலவின் முன் சிறியது.

இதைப் படிப்பவர் 30 வயதைக் கடந்த பெண்ணாக இருந்தால், ஒரு நோவும் இல்லாத இன்றே கேளுங்கள்: அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை எந்த நாளில் நடக்கிறது, யார் செய்கிறார்கள்? எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொண்டவருக்கும் பரிசோதனை வேண்டும், ஏனென்றால் ஊசி எல்லா வகை வைரசையும் தடுப்பதில்லை. ரத்தப்போக்கு ஏற்கெனவே இருந்தால் பரிசோதனை முகாமுக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள். படிப்பவர் செவிலியராகவோ மருத்துவராகவோ இருந்தால், உங்கள் முன் தயங்கி நிற்கும் அந்தப் பெண் ஐந்து ஆண்டுகள் கழித்து மறுபடி வர வேண்டியவர் என்பதை மனத்தில் வையுங்கள். அவர் வருவதும் வராததும், இன்று நீங்கள் அவரை நடத்தும் விதத்தில்தான் இருக்கிறது.